ரிக் வண்டியில் இருக்கும் பையனை போன் கால் எப்படித் தேடிப் பிடிக்கிறது?

திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அத்தை போன மாதம் ஒரு கேள்வி கேட்டார். அவர் மகன் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வண்டி இப்போது ராஜஸ்தானில் ஓடுகிறது. "ஏங்கண்ணு, நெட்ட நான் ஆஃப் பண்ணித்தான் வெச்சிருக்கறேன். ஆனாலும் பையன் பேசறது பக்கத்து ரூம்புல இருந்து பேசற மாதர கேக்குது. போனெல்லாம் இப்ப நெட்டுலதான் போகுதுங்கறாங்க. ரெண்டுல எது நெசம்?"

அன்றைக்கு ராத்திரி அந்த மகனே என்னைக் கூப்பிட்டான். எடுத்ததும், "சாதா கால் வேண்டாம் மாப்ள, வாட்ஸ்அப்புல வா. அதுல பேசுனா எவனுக்கும் ஒண்ணும் தெரியாது" என்றான்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி, பாதி தப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. போகிற இடமெல்லாம் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுகிறது. நம்பர் கிடைத்தால் போதும், ஆள் இருக்கும் இடத்தை எடுத்துவிடலாம் என்பார் ஒருவர். திரையில் வரும் நம்பர் பொய் சொல்லாது என்பார் இன்னொருவர். இதை நம்பிப் பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் அடியில் இருந்து சொல்கிறேன்.

0422 என்றால் கோவை

லேண்ட்லைன் காலத்தில் நம்பரே ஊரைச் சொல்லிவிடும். 0422 கோவை, 0421 திருப்பூர், 0424 ஈரோடு. மீதி எண்கள் எந்த எக்ஸ்சேஞ்ச், அதில் எந்த ஒயர் என்பதைச் சொல்லும். அந்த ஒயரின் மறுமுனையில் ஒரு சுவர், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் போன். நம்பரும் முகவரியும் அன்றைக்கு ஒன்றுதான்.

மொபைல் வந்ததும் ஊர் போனது. ஆனாலும் முதல் நாலைந்து எண்களைப் பார்த்து எந்தக் கம்பெனி, எந்த மாநிலம் என்று சொல்ல முடிந்தது. 2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் மாறினாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதோடு அந்த அடையாளமும் போயிற்று. இன்றைக்கு உங்கள் பத்து இலக்க எண் உங்கள் பெயர் மாதிரிதான். பெயரை வைத்து ஆளைக் கூப்பிடலாம், ஆள் எங்கே நிற்கிறார் என்று அந்தப் பெயரில் எழுதியிருக்காது.

அப்படியானால் கால் எப்படிச் சரியாகப் போய்ச் சேருகிறது?

ரிக் ஆபீஸ் நோட்டு

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ரிக் வண்டியும் சப்போர்ட் வண்டியும் ஊரை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். இன்று ஒரு பாயிண்ட், நாளை இன்னொரு ஊர். போன் இல்லாத காலத்தில் வீட்டில் அவசரம் என்றால் என்ன செய்வார்கள்? நேராக ரிக் ஓனரின் ஆபீசுக்குப் போவார்கள். மேனேஜரிடம் ஒரு நோட்டு இருக்கும். வண்டி இடம் மாறும்போதெல்லாம் அங்கிருந்து ஆபீசுக்குத் தகவல் வரும், அவர் எழுதி வைப்பார். வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது ஆளின் பெயரும் அவன் எந்த ஆபீஸ் ஆள் என்பதும் மட்டும். சேதியைச் சேர்ப்பது மேனேஜர் பாடு.

மொபைல் நெட்வொர்க் செய்வதும் இதேதான். போனை ஆன் செய்ததும் அது பக்கத்து டவர் வழியாகத் தன் கம்பெனியின் மையத்துக்குச் சேதி அனுப்புகிறது: "நான் இன்னார், இப்போது என்னை இந்த முகவரியில் பிடிக்கலாம்." இதற்குப் பெயர் பதிவு. நேரத்துக்கு நேரம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். சும்மா யாரோ வந்து இன்னார் என்று சொல்லிவிட முடியாது. சிம் கார்டுக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது, அதே எண் கம்பெனியிடமும் இருக்கிறது. மையம் ஒரு கணக்கைக் கொடுக்கும். சிம் அந்த ரகசிய எண்ணை வைத்துப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். ரகசிய எண் சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. விரல் நகம் அளவுச் சில்லு இத்தனை பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

பதிவில் போன் சொல்லும் அந்த 'இப்போதைய முகவரி'தான் ஐபி முகவரி. நெட்டில் எதை அனுப்பினாலும் சின்னச் சின்னத் துண்டுகளாக, பொட்டலங்களாகத்தான் போகும். ஒரு கருவிக்கு அந்தப் பொட்டலம் போய்ச் சேர வேண்டிய இட எண் அது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, இடையிடையே முக்காற்புள்ளி போட்டு, நீளமாக ஒரு வரி இருக்கும். இது டேட்டாவுக்குக் கிடைத்த முகவரி, பேச்சுக்கான முகவரியும் இதே மாதிரிதான். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏரோப்ளேன் மோடைப் போட்டு, பத்து நொடி விட்டு, எடுத்துவிடுங்கள். மறுபடி பார்த்தால் பெரும்பாலும் வேறு வரி இருக்கும். உங்கள் நம்பர் மாறவில்லை, இடம் மாறவில்லை, நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. முகவரி மட்டும் மாறிவிட்டது. இந்த மாற்றம் எத்தனை முறை நடந்தாலும் உங்களைக் கூப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை, நோட்டில் திருத்தம் விழுந்தால் போதும்.

இதுவரை சொன்னது: நம்பர் பெயர் மாதிரி, ஐபி முகவரிதான் இப்போது போனை நெட்டில் பிடிக்கும் இட எண். இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் நோட்டு கம்பெனியிடம் இருக்கிறது.

அத்தை கேட்டதற்குப் பதில்

2ஜி, 3ஜி காலத்தில் பேச்சுக்கு ஒரு பாதை, நெட்டுக்கு வேறு பாதை. 4ஜி வந்தபோது அதில் பேச்சுக்கென்று தனிப் பாதையே வைக்கவில்லை. எல்லாம் நெட் பொட்டலங்கள்தான். அதன் வழியாகப் பேச்சையும் அனுப்பும் முறைக்குத்தான் வோல்ட்டி என்று பெயர். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ தொடங்கியபோது அதனிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. முதல் நாளில் இருந்தே பேச்செல்லாம் வோல்ட்டிதான். அதற்கப்புறம் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

ஆக, அத்தையின் கால் நெட் முறையில்தான் போகிறது. ஆனால் அவர் ஆஃப் செய்து வைத்திருக்கும் நெட் அது இல்லை. ஒரே டவரில் இருந்து போனுக்கு இரண்டு குழாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று யூடியூபும் பேஸ்புக்கும் வரும் பொதுக் குழாய். திரையில் இருக்கும் டேட்டா பட்டன் அதற்கு மட்டுமே திருகு. இன்னொன்று கம்பெனி பேச்சுக்கென்றே வைத்திருக்கும் குழாய். அதற்கு அந்தத் திருகு கிடையாது. அது ஊர் உலக இணையத்துக்கும் போவதில்லை, உங்கள் டேட்டா பேக்கில் கழிவதும் இல்லை.

சத்தம் தெளிவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, நொடிக்கு 50 பொட்டலங்களாகப் போகிறது. டவரில் எத்தனை பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் பேச்சுப் பொட்டலத்துக்கு முதல் வழி. ஆம்புலன்சுக்கு வண்டிகள் ஒதுங்குகிற மாதிரி. குரலின் மெல்லிய, கனத்த ஓசைகளும் பழைய போனைவிட இதில் அதிகமாக வருகின்றன.

இந்த நேரத்தில் வைஃபை காலிங் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்து வீட்டில் சிக்னல் ஒரு கோடு, ஆனால் பைபர் லைன் இருக்கிறது என்றால் அதை ஆன் செய்துகொள்ளுங்கள். உங்கள் போன் அந்த வைஃபை வழியாகக் கம்பெனியின் மையத்துக்குப் பூட்டிய சுரங்கம் ஒன்றை அமைத்து, அதற்குள் அதே சாதா காலை அனுப்பும். வைஃபை யாருடையதாக இருந்தாலும் அவரால் உள்ளே கேட்க முடியாது.

நம்பரை அழுத்தியதும்

அத்தை தன் மகனின் நம்பரை அழுத்துகிறார். அவர் போன் ஒரு சிறு கடிதத்தை எழுதுகிறது: யார் கூப்பிடுகிறார், யாரை, எந்த வகையில் குரலைச் சுருக்க முடியும் என்று. இந்தக் கடிதங்களின் மொழிக்கு எஸ்ஐபி என்று பெயர். வலைப்பக்கங்கள் பேசும் மொழியின் சாயல் இதில் நிறைய இருக்கிறது. பக்கம் கிடைக்காவிட்டால் வரும் 404, அந்தப் பெயரில் ஆளே இல்லாவிட்டால் இங்கேயும் வரும்.

கடிதம் அத்தையின் கம்பெனி மையத்துக்குப் போகிறது. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, இந்தப் பெயர்க்காரர் இப்போது எந்த ஆபீஸ் ஆள்? டிரில்லர் ஒரு ஓனரை விட்டு இன்னொரு ஓனரிடம் போயிருக்கலாம் அல்லவா. நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனி மாறியவர்களின் முழுப் பட்டியல் ஒன்று பொதுவாக இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதில் ஒரு நகல் வைத்திருக்கிறது. நம் நாட்டில் கூப்பிடுகிறவரின் கம்பெனிதான் ஒவ்வொரு காலுக்கும் அதைப் பார்த்து, சரியான கம்பெனிக்குக் கடிதத்தைத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கம்பெனி தன் நோட்டைப் பார்க்கிறது. பையன் எந்த முகவரியில் பதிந்திருக்கிறான் என்று தெரிகிறது. கடிதம் அங்கே போகிறது, அவன் போன் அடிக்கிறது. அவன் எடுத்ததும் இரு முனையும் எந்தச் சுருக்க முறை என்று ஒத்துக்கொள்கின்றன, குரல் பொட்டலங்கள் ஓடத் தொடங்குகின்றன. இத்தனையும் நீங்கள் போனைக் காதில் வைப்பதற்குள்.

ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேசினால் காற்றில் அப்படியே தாவிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தெரு முனை டவருக்குப் போய், அங்கிருந்து பைபரில் பெரிய ஊரில் இருக்கும் மையத்துக்குப் போய், திரும்பி அதே டவருக்கு வந்து, எதிர் வீட்டுக்குள் நுழைகிறது. வழியில் எங்கோ பைபர் அறுந்தால் எதிர் வீட்டுக்கும் பேச முடியாமல் போவது அதனால்தான்.

சுருக்கமாக: முதலில் எந்தக் கம்பெனி என்ற தேடல், அப்புறம் எந்த முகவரி என்ற தேடல், அதற்கப்புறம்தான் மணி அடிக்கும்.

வாட்ஸ்அப் வேறு வண்டி

வாட்ஸ்அப் கால் பொதுக் குழாயில் போகிறது. அங்கே முன்னுரிமை இல்லை, கம்பெனியின் நோட்டும் இல்லை. வாட்ஸ்அப் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறது. உங்கள் போன் தூங்கிக்கொண்டிருந்தால் கூகுள் அல்லது ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாக முதலில் தட்டி எழுப்புகிறது.

எழுப்பியபின் ஒரு சிக்கல். பழைய வகை ஐபி முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடிதான். எல்லாருக்கும் போதாது. அதனால் மொபைல் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. போதாமையைத் தீர்க்கத்தான் அந்த முக்காற்புள்ளி போட்ட நீள முகவரிகள் வந்தன. ஆனால் இரண்டும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுகின்றன.

லாரி பார்சல் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். சோமனூர் பக்கத்துச் சின்னத் தறிக்காரர்கள் எல்லாரும் ஒரே புக்கிங் ஆபீசில் சரக்குப் போடுகிறார்கள். வெளியூரில் இறங்கும்போது எல்லா மூட்டையிலும் அனுப்பியவர் இடம் அந்த ஆபீஸ்தான். உள்ளே கிளார்க், எந்த மூட்டை யாருடையது என்று லெட்ஜரில் எழுதி வைத்திருக்கிறார். பதில் சரக்கு வந்தால் லெட்ஜரைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். லெட்ஜரில் தொடர்பே இல்லாமல் திடீரென்று ஒரு மூட்டை வந்தால்? "இது யாருக்குன்னே தெரியலைங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி எழுதும் வேலைக்கு நேட் என்று பெயர்.

கூப்பிடுகிறவரும் எடுக்கிறவரும் ஆளுக்கொரு பார்சல் ஆபீசுக்குப் பின்னால் இருந்தால் யார் முதலில் அனுப்புவது? அதற்காக நடுவில் ஓர் ஆள். அவர் இருவரிடமும் "வெளியில் இருந்து பார்த்தால் உங்கள் முகவரி இப்படித் தெரிகிறது" என்று சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பப் பார்க்கிறார்கள். இரு லெட்ஜரிலும் பதிவு விழுந்தால் நேர்வழி திறந்துவிடும். திறக்காவிட்டால் நடுவில் இருப்பவரே மூட்டைகளை வாங்கி வாங்கிக் கைமாற்றுவார்.

நேர்வழியில் போனால் சீக்கிரம் போகும். ஆனால் எதிர்முனைக்காரரின் கருவிக்கு உங்கள் ஐபி முகவரி போய்விடுகிறது. கைமாற்று வழியில் அது போவதில்லை. வாட்ஸ்அப்பில் தனியுரிமைப் பகுதியில், மேம்பட்ட அமைப்புகளுக்குள், கால்களில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் பட்டன் 2023-ல் வந்தது. அதைப் போட்டால் எல்லாக் காலும் கைமாற்று வழியில்தான் போகும், சத்தம் கொஞ்சம் மங்கலாம். முகம் தெரியாத வாங்குபவர்களுடன் பேசுகிறவர்களைப் போட்டு வைக்கச் சொல்வேன்.

யாருக்கு என்ன தெரியும்

என் அத்தை மகன் சொன்னது இங்கேதான் பிசகுகிறது.

பேச்சில் இரண்டு பங்கு உண்டு. பேசிய வார்த்தை ஒன்று. யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம் என்ற விவரம் இன்னொன்று. தபாலில் உள்ளே இருக்கும் கடிதமும் மேலே இருக்கும் உறையும் மாதிரி.

சாதா காலில், போனுக்கும் டவருக்கும் நடுவில் காற்றில் போகும்போது பேச்சு பூட்டப்பட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரேடியோ வைத்துக் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டு கம்பெனி வரைக்கும்தான். சட்டப்படி உத்தரவு வந்தால் கம்பெனி அந்தப் பேச்சைக் கொடுத்தாக வேண்டும். அதற்கும் வரம்பு உண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலர் நிலையில் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. உறை விவரமோ முழுக்கக் கம்பெனியிடம் இருக்கிறது. அதைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி வந்தது.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் இருந்து பேச்சு இரு போன்களுக்கும் நடுவில் முழுக்கப் பூட்டியே போகிறது. கைமாற்றும் சர்வருக்கும் உள்ளே என்ன என்று தெரியாது. இதில் அவன் சொன்னது சரி. ஆனால் யார் யாரைக் கூப்பிட்டார் என்பது, காலை இணைத்து வைக்கும் அந்த நிறுவனத்துக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? உங்கள் மொபைல் கம்பெனிக்கும் இந்த நேரத்தில் வாட்ஸ்அப்புக்கு இவ்வளவு பொட்டலம் போனது என்று தெரியும். கடிதம் மறைவு, உறை மறைவில்லை.

இடம் விஷயம்? போன் ஆனில் இருக்கும்போது எந்த டவர் வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்பது உங்கள் கம்பெனிக்குத் தெரியும், தெரியாமல் மணி அடிக்க முடியாது. உங்களைக் கூப்பிடுகிறவருக்கு நம்பரால் மட்டும் அது தெரிய வழியில்லை. ஐபி முகவரியை வைத்து இடம் காட்டும் வலைத்தளங்கள் மொபைல் விஷயத்தில் பெரும்பாலும் தடுமாறும். காங்கேயத்தில் உட்கார்ந்திருப்பேன், அது சென்னை என்று காட்டும். பொட்டலம் இணையத்துக்குள் நுழையும் வாசல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

திரையில் வரும் நம்பர்

காலைக் கூப்பிடும் கடிதத்தில் 'அனுப்புநர்' இரண்டு இடத்தில் வரும். ஒன்று, அனுப்பும் கருவி தானே எழுதுவது. அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொன்று, சிம்மைச் சோதித்த கம்பெனி தன் பொறுப்பில் குத்தும் முத்திரை. உள்நாட்டு மொபைலில் இருந்து வரும் காலில் முத்திரையை நம்பலாம். வெளிநாட்டு நுழைவாயில் வழியாக வரும் காலில், அங்கே குத்திய முத்திரை எவ்வளவு ஒழுங்கு என்பதை இங்கிருந்து சரிபார்ப்பது கடினம். அந்த ஓட்டை வழியாகத்தான் வெளிநாட்டில் இருந்துகொண்டு +91 நம்பரைக் காட்டி மிரட்டினார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு அதைத் தடுக்க ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடிப் போலிக் கால்கள் பிடிபட்டதாக அறிவித்தார்கள். அப்போதுதான் இதன் அளவு எனக்கே உறைத்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு மத்தியானம் கால். திரையில் முதலாளி நம்பர். அவசரமாக ஒரு கணக்குக்குப் பணம் போடச் சொன்னது குரல், லைனில் ஒரே இரைச்சல். அந்தப் பெண், "சரிங்கண்ணா, ஒரு நிமிசம்" என்று வைத்துவிட்டு, அதே நம்பரைத் தானே அழுத்திக் கூப்பிட்டார். முதலாளி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் செய்ததில் முழு விஷயமும் இருக்கிறது. வருகிற காலில் காட்டும் நம்பர் யாரோ சொன்ன பெயர். நீங்கள் நம்பரை அழுத்தும்போது நெட்வொர்க் நோட்டைப் பார்த்து, சிம்மைச் சோதித்துப் பதிந்த போனைத் தேடிப் போகிறது. பொய் எழுதியவனிடம் அது போகாது. ஒரு விதிவிலக்கு: உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் நோட்டிலேயே அவன் போன் பதிந்துவிடும். காரணமில்லாமல் உங்கள் போனில் மட்டும் சிக்னல் செத்துக் கிடந்தால் வேறு போனில் இருந்து உடனே கம்பெனியைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930.

108 மட்டும் வேறு கணக்கு

ஆம்புலன்சுக்கான 108, எல்லா அவசரத்துக்கும் பொதுவான 112 என்பவை யாருடைய பெயரும் இல்லை. அந்தச் சேவைக்கென்று சிம் போட்ட போன் எங்கும் கிடையாது. அழுத்தியதும் நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்று பார்த்து, அந்தப் பகுதிக்கு உரிய மையத்துக்கு நெட்வொர்க் திருப்பிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் இந்த எண்களைக் கூப்பிட முடியாது.

இதைச் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப பையனுக்கு அங்க ஒண்ணுன்னா நான் இங்கிருந்து நூத்தியெட்டு அடிச்சா?" என்றார். இங்கே, தமிழ்நாட்டு மையத்துக்குத்தான் வரும் என்றேன். அங்கே பக்கத்தில் இருக்கிறவர்தான் 112 அழுத்த வேண்டும். அன்று சாயந்திரமே மகனைக் கூப்பிட்டு, ரிக்கில் இருக்கும் எல்லார் போனிலும் 112-ஐப் பதிந்து வைக்கச் சொன்னாராம். வண்டியோடு இருக்கும் அந்த ஊர் ஏஜென்ட்டின் நம்பரையும் வாங்கி, காலண்டர் அட்டையின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்.